முற்றிய கல்லீரல் சுருக்கத்தில் மீட்சியை முன்கணிக்கும் சோதனைகள்

கல்லீரல் சுருக்கம் என்பது நீண்டகாலப் பாதிப்பால் கல்லீரலின் மென்மையான திசு தழும்பு நாராக மாறி, உறுப்பு கெட்டியாகவும் கரடுமுரடாகவும் ஆகிவிடும் நிலையாகும். மருத்துவர்கள் இதைச் சிரோசிஸ் என்பர். மதுப்பழக்கம், ஹெப்பாடைட்டிஸ் பி, ஹெப்பாடைட்டிஸ் சி வைரஸ்கள், நீரிழிவோடும் உடற்பருமனோடும் சேர்ந்து வரும் கொழுப்புக் கல்லீரல் ஆகியவை இதன் முக்கியக் காரணங்கள். நோய் முற்றி வயிற்றில் நீர் கோத்த பிறகு, "ஈரல் சுருங்கிவிட்டது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை" என்று குடும்பத்தார் மனம் தளர்ந்துவிடுவது வழக்கம். ஆனால் அந்த நிலையிலிருந்தும் ஒரு பகுதியினர் மீண்டு வருகிறார்கள். யார் மீளக்கூடும் என்பதைக் கல்லீரலில் ஊசி செலுத்தித் திசு எடுக்காமல் கணிக்க உதவும் சோதனைகளை இக்கட்டுரை விளக்குகிறது.

நோயின் இரண்டு நிலைகள்

கல்லீரல் தன் வேலையைச் செய்வதற்குத் தேவையானதைவிடக் கூடுதலான திறன் கொண்ட உறுப்பு. அதனால் தழும்பு பரவிய பின்பும் பல ஆண்டுகள் எஞ்சிய திசு ஈடுகொடுத்து வரும். நோயாளிக்கு வெளிப்படையான தொல்லை எதுவும் இராது. இது ஈடுகட்டும் நிலை எனப்படுகிறது.

எஞ்சிய திசுவால் சமாளிக்க முடியாதபோது ஈடுகட்ட இயலாத நிலை தொடங்குகிறது. இதற்கு மூன்று முக்கிய அடையாளங்கள் உண்டு. முதலாவது வயிற்றில் நீர் கோத்தல். பழைய தமிழ் மருத்துவ நூல்கள் இதை மகோதரம் என்கின்றன. இரண்டாவது, உணவுக்குழாயில் புடைத்த இரத்தநாளம் வெடித்து இரத்த வாந்தி எடுத்தல். மூன்றாவது, கல்லீரல் அகற்றத் தவறிய நச்சுப்பொருள்கள் மூளையைப் பாதிப்பதால் வரும் குழப்பமும் மயக்கமும். பலருக்கு மஞ்சள் காமாலையும் சேர்ந்து வரும்.

2006ஆம் ஆண்டில் வெளியான ஒரு தொகுப்பாய்வு, முதல் நிலையில் உள்ளவர்களின் இடைநிலை ஆயுள் 12 ஆண்டுகளுக்கு மேல் என்றும், இரண்டாம் நிலையில் அது சுமார் 2 ஆண்டு என்றும் கணக்கிட்டது. இடைநிலை என்றால் பாதிப்பேர் அதைவிடக் குறைவாகவும் பாதிப்பேர் அதைவிடக் கூடுதலாகவும் வாழ்ந்தனர் என்று பொருள். ஹெப்பாடைட்டிஸ் சி வைரஸை முற்றிலும் ஒழிக்கும் இன்றைய மாத்திரைகள் அப்போது இல்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஒரு கூட்டத்தின் இடைநிலையைத் தனி ஒருவரின் கெடுவாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மீட்சி என்பதன் வரையறை

இத்தாலியில் மஜோரே ஏரிக்கரையில் உள்ள பவேனோ என்னும் ஊரில் 1990இல் கல்லீரல் மருத்துவர்கள் ஒரு கருத்தரங்கு நடத்தினர். அதன் தொடர்ச்சியாக நடந்த கூட்டங்கள் இன்றும் பவேனோ என்ற பெயராலேயே அழைக்கப்படுகின்றன. ஏழாவது கூட்டம் 2021இல் நடந்தது. அதன் முடிவுகள் 2022இல் வெளியாயின. முற்றிய நிலையிலிருந்து மீண்டவர் என்று ஒருவரைச் சொல்ல மூன்று நிபந்தனைகளும் நிறைவேற வேண்டும் என்று அது வரையறுத்தது:

1. நோயின் மூலகாரணம் நீக்கப்பட்டிருக்க வேண்டும் அல்லது அடக்கப்பட்டிருக்க வேண்டும். மதுவை முற்றிலும் விட்டிருத்தல், ஹெப்பாடைட்டிஸ் சி குணமாகியிருத்தல், ஹெப்பாடைட்டிஸ் பி மாத்திரையால் அடங்கியிருத்தல் ஆகியவை எடுத்துக்காட்டுகள்.
2. நீர் மாத்திரை இல்லாமலே வயிற்றில் நீர் சேராமலும், லாக்டுலோஸ் போன்ற மருந்து இல்லாமலே மனக்குழப்பம் வராமலும், மீண்டும் இரத்தக் கசிவு இல்லாமலும் குறைந்தது 12 மாதங்கள் இருக்க வேண்டும்.
3. அல்புமின், பிலிருபின், ஐ.என்.ஆர். ஆகிய மூன்று இரத்த அளவுகளிலும் நிலையான முன்னேற்றம் இருக்க வேண்டும்.

இவ்வரையறையில் தழும்பு மறைந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. மீட்சி என்பது கல்லீரல் புதிதாகிவிடுவது அன்று; தழும்போடு இருந்துகொண்டே மீண்டும் ஈடுகொடுக்கத் தொடங்குவதுதான்.

எத்தனை பேர் மீள்கிறார்கள்?

இதற்கு இந்தியாவிலேயே பெரிய அளவில் விடை கிடைத்திருக்கிறது. பஞ்சாப் மாநில அரசு 2016இல் ஹெப்பாடைட்டிஸ் சி நோய்க்கு இலவச மருந்து தரும் திட்டத்தைத் தொடங்கியது. அத்திட்டத்தில் மருந்து பெற்ற, முற்றிய கல்லீரல் சுருக்கம் உள்ள 1,152 பேரைச் சண்டிகர் பட்டமேற்படிப்பு மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவன மருத்துவர்கள் சுமார் 4 ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2024இல் முடிவை வெளியிட்டனர். அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் பவேனோ வரையறைப்படி மீண்டிருந்தார். தொடக்கத்தில் பிலிருபினும் ஐ.என்.ஆரும் குறைவாக இருந்தவர்களும், பெரிய நாளப்புடைப்பு இல்லாதவர்களும் மீள்வதற்குக் கூடுதல் வாய்ப்புப் பெற்றிருந்தனர்.

காரணத்துக்கு ஏற்ப இந்த விகிதம் மாறுகிறது. சீனாவில் ஹெப்பாடைட்டிஸ் பி உள்ளவர்களுக்கு என்டெகாவிர் மாத்திரை தந்து 120 வாரம் கவனித்த ஆய்வில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் மீண்டனர். வியன்னாவில் மதுவை விட்டவர்களிடையே நடந்த ஆய்வில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் முழு வரையறையை எட்டினார். எட்டியவர்களுக்கு மரண அபாயம் மிகப் பெரிதும் குறைந்திருந்தது. வரையறையை முழுமையாக எட்டாதவர்களிலும் பலர் ஓரளவு தேறுகிறார்கள்.

துளைக்காத சோதனை என்றால் என்ன?

கல்லீரல் திசுவை ஊசியால் எடுத்துப் பார்ப்பதும், கழுத்துச் சிரை வழியாக மெல்லிய குழாய் செலுத்திக் கல்லீரலின் இரத்த அழுத்தத்தை அளப்பதும் உடலுக்குள் கருவி செலுத்தும் சோதனைகள். இரத்தம் உறையும் திறன் குறைந்த நோயாளிக்கு இவை எளிதானவை அல்ல; அடிக்கடி செய்யவும் முடியாது. கையிலிருந்து இரத்தம் எடுத்தல், ஸ்கேன், அதிர்வுக் கருவி, தசை வலிமைச் சோதனை ஆகியவற்றைத் திரும்பத் திரும்பச் செய்யலாம். முன்கணிப்புக்கு இவ்வாறு திரும்பச் செய்ய முடிவதே முதன்மையானது.

இரத்த அளவுகளும் சைல்டு–பியூ மதிப்பெண்ணும்

கல்லீரல் உற்பத்தி செய்யும் புரதம் அல்புமின். அது குறைந்தால் உற்பத்தித்திறன் குறைந்தது என்று அறியலாம். பிலிருபின் என்பது கல்லீரல் வெளியேற்ற வேண்டிய மஞ்சள் நிறக் கழிவு. அது கூடினால் கழிவகற்றும் திறன் குறைந்திருக்கிறது. ஐ.என்.ஆர். என்பது இரத்தம் உறைய எடுக்கும் காலத்தின் விகிதம். உறைவுப் பொருள்களையும் கல்லீரலே செய்வதால், அது தளர்ந்தால் இந்த எண் 1இலிருந்து மேலே போகும்.

இம்மூன்றோடு வயிற்றுநீர், மனக்குழப்பம் ஆகிய இரண்டையும் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 வரை மதிப்பெண் தருவதே சைல்டு–பியூ முறை. சைல்டு, டர்கோட் இருவரும் 1964இல் முன்வைத்ததைப் பியூ 1973இல் திருத்தினார். பள்ளி மதிப்பெண்ணுக்கு மாறாக, இங்கே குறைவாக இருப்பதே நல்லது. கூட்டுத்தொகை 5, 6 என்றால் 'ஏ' பிரிவு. 7 முதல் 9 வரை 'பி'. 10 முதல் 15 வரை 'சி'.

கற்பனையான ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். மதுவால் நோயுற்ற ஒருவருக்குப் பிலிருபின் 3.5 (3 மதிப்பெண்), அல்புமின் 2.6 (3), ஐ.என்.ஆர். 1.9 (2), வயிறு நிறைய நீர் (3), மனக்குழப்பம் இல்லை (1). கூட்டுத்தொகை 12, 'சி' பிரிவு. அவர் மதுவை அறவே விட்டு ஓராண்டு சிகிச்சை பெற்ற பின் பிலிருபின் 1.6 (1), அல்புமின் 3.6 (1), ஐ.என்.ஆர். 1.4 (1), நீர் இல்லை (1), குழப்பம் இல்லை (1). கூட்டுத்தொகை 5, 'ஏ' பிரிவு. நீர் மாத்திரையை மருத்துவர் நிறுத்திய பிறகும் ஓராண்டு இப்படியே நீடித்தால் இவர் மீண்டவர் ஆவார்.

மெல்டு மதிப்பெண்

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 2000ஆம் ஆண்டையொட்டி உருவான மெல்டு, பிலிருபின், ஐ.என்.ஆர்., சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ஆகிய மூன்றையும் ஒரு சூத்திரத்தில் இட்டு 6 முதல் 40 வரை ஓர் எண் தருகிறது. 2002 முதல் அந்நாட்டில் மாற்றுக் கல்லீரல் யாருக்கு முதலில் தருவது என்று முடிவு செய்ய இது பயன்பட்டது. பின்னர் இரத்தச் சோடியமும், மெல்டு 3.0 என்னும் புதிய வடிவத்தில் அல்புமினும் பாலினமும் சேர்க்கப்பட்டன. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. தசை குறைவாக உள்ள பெண்களுக்கு அது இயல்பாகவே குறைந்திருப்பதால், பழைய சூத்திரம் அவர்களின் நோயைக் குறைத்து மதிப்பிட்டது.

மெல்டு 15 அல்லது அதற்கு மேல் இருந்தால் உறுப்பு மாற்று மையத்தின் கருத்தைக் கேட்பது பொதுவான வழக்கம். மீட்சிக்குக் காத்திருக்கும்போதே இதையும் செய்வது நல்லது. கேட்பதாலேயே அறுவை சிகிச்சை நடந்துவிடாது. கேட்காமல் காலம் கடத்துவதே ஆபத்து.

ஃபைப்ரோஸ்கேன்

பிரான்சில் உருவாகி 2003ஐ ஒட்டி மருத்துவப் பயன்பாட்டுக்கு வந்த இக்கருவி, வலப்பக்க விலா எலும்புகளுக்கு இடையே தோலின்மேல் சிறு தட்டல் கொடுத்து, அந்த அதிர்வு கல்லீரலில் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று அளக்கிறது. கெட்டியான பொருளில் அதிர்வு வேகமாகச் செல்லும். முடிவு கிலோபாஸ்கல் என்னும் அலகில் வரும். 10க்குக் கீழே, வேறு அடையாளமும் இல்லையெனில், முற்றிய தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு. 15க்கு மேல் அதற்கு வாய்ப்பு மிகுதி. 25ஐ எட்டினால், பெரும்பாலான காரணங்களில், குடலிலிருந்து கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையில் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருக்கிறது என்று கொள்ளலாம்.

இக்கருவிக்கு ஒரு முக்கிய வரம்பு உண்டு. வயிற்றில் நீர் இருந்தால் அதிர்வு கல்லீரலைச் சென்று சேராது. ஆகவே நோய் மிக முற்றிய நேரத்தில் இது பயன்படாது. நீர் வடிந்த பிறகே பயன்படும். மேலும் கடும் அழற்சி, பித்த அடைப்பு, இதயத் தளர்ச்சி, சற்றுமுன் உண்ட உணவு ஆகியவை எண்ணைப் பொய்யாக உயர்த்தும். குறைந்தது 3 மணி நேரம் உண்ணாமல் இருந்தபின் அளக்க வேண்டும். மதுவை விட்ட சில வாரங்களில் 50லிருந்து 30க்கு எண் இறங்கினால் அதில் பெரும்பங்கு அழற்சி தணிந்ததே. தழும்பு கரைந்துவிட்டதாகக் கொள்ளக் கூடாது.

ஃபிப்–4, தட்டணுக்கள், மண்ணீரல்

வயது, ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. என்னும் இரு நொதிகள், தட்டணுக்களின் எண்ணிக்கை ஆகிய நான்கைக் கொண்டு கணக்கிடுவது ஃபிப்–4. வயதை ஏ.எஸ்.டி.யால் பெருக்கி, அதைத் தட்டணு எண்ணிக்கையாலும் ஏ.எல்.டி.யின் வர்க்கமூலத்தாலும் வகுக்க வேண்டும். வயது 50, ஏ.எஸ்.டி. 80, ஏ.எல்.டி. 64, தட்டணுக்கள் 1 லட்சம் (கணக்கில் 100) எனில்: 50 × 80 = 4000; 100 × 8 = 800; விடை 5. 3.25ஐத் தாண்டினால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு அதிகம். இது தழும்பைக் கண்டுபிடிக்கும் சோதனை. ஏற்கெனவே முற்றிவிட்ட ஒருவர் மீள்வாரா என்ற கேள்விக்கு இது தனியாக விடை தராது.

போர்ட்டல் சிரையில் அழுத்தம் ஏறினால் மண்ணீரல் வீங்கித் தட்டணுக்களைத் தேக்கிக்கொள்ளும். அதனால்தான் தட்டணு குறைவது அழுத்தத்தின் மறைமுக அடையாளமாகிறது. கல்லீரல் தேறிய பின்பும் தட்டணு உயராமலிருந்தால் அழுத்தம் இன்னும் நீங்கவில்லை என்று ஐயப்பட வேண்டும்.

தசை வலிமை

கைப்பிடியின் வலு, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் 5 முறை எழுந்து உட்கார ஆகும் நேரம், நின்ற நிலையில் சமநிலை ஆகிய மூன்றையும் அளக்கும் முறை 2017இல் முன்வைக்கப்பட்டது. மெல்டு ஒரே அளவாக உள்ள இருவரில் தசை வலு இழந்தவருக்கே அபாயம் கூடுதல் என்பது இதனால் தெரிந்தது. "ஈரல் நோய்க்குப் பருப்பு, முட்டை ஆகாது" என்ற பழைய பத்தியம் தசையைக் கரைத்துவிடும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தேவை என்பதே இன்றைய பரிந்துரை. குறைக்க வேண்டியது உப்பை.

சோதனைகளைச் சேர்த்துக் கணிக்கும் முறை

தனி ஓர் எண்ணால் மீட்சியைச் சொல்ல முடியாது. கேட்க வேண்டிய கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு.

முதல் கேள்வி: காரணம் நீங்கியதா? மது தொடர்ந்தால் மற்ற எண்கள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை. மலைப்பகுதியில் "குளிருக்கு ஒரு மடக்கு" என்பது பழகிப்போன சொல். உண்மையில் மது தோலின் இரத்தநாளங்களை விரியச் செய்து உடல் வெப்பத்தை வெளியேற்றுகிறது. சூடேறியதுபோன்ற உணர்வு மட்டுமே மிஞ்சும்.

இரண்டாம் கேள்வி: தொடக்க நிலை என்ன? ஹெப்பாடைட்டிஸ் சி நோயாளிகளுக்காக 2018இல் வெளியான பி.இ.3ஏ. என்னும் கணக்கு ஐந்து நல்ல அடையாளங்களை எண்ணுகிறது: உடல் நிறை குறியீடு 25க்குக் கீழ், மனக்குழப்பமின்மை, வயிற்றுநீரின்மை, அல்புமின் 3.5க்கு மேல், ஏ.எல்.டி. இயல்பளவைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல். கடைசி அடையாளம் முரணாகத் தோன்றலாம். ஏ.எல்.டி. உயர்ந்திருப்பது வைரஸ் இன்னும் சேதம் செய்துகொண்டிருப்பதன் குறி. அதை நிறுத்தினால் கிடைக்கும் பயனும் அதிகம் என்று புரிந்துகொள்ளலாம். ஐந்தில் நான்கோ ஐந்தோ உள்ளவர்களில் பெரும்பாலோர் 'ஏ' பிரிவுக்குத் திரும்பினர்.

மூன்றாம் கேள்வி: எண்கள் எந்தப் பக்கம் நகர்கின்றன? காரணம் நீங்கிய முதல் 3 முதல் 6 மாதங்களில் அல்புமின் ஏறியும் பிலிருபினும் ஐ.என்.ஆரும் இறங்கியும் வந்தால் நம்பிக்கைக்கு இடமுண்டு. மதுவை விட்டும் 3 மாதத்தில் அசைவே இல்லையென்றால் உறுப்பு மாற்றுச் சிகிச்சை பற்றிப் பேசத் தாமதிக்கக் கூடாது.

கீழாநெல்லி

தமிழ்நாட்டில் கல்லீரல் நோய் என்றதும் கீழாநெல்லி பேச்சில் வரும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ். பி. தியாகராஜனும் குழுவினரும் ஹெப்பாடைட்டிஸ் பி வைரஸ் உள்ளவர்களுக்குக் கீழாநெல்லி தந்து, 1988இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வு உலகக் கவனம் பெற்றது. பாதிக்கு மேற்பட்டோரின் இரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்ததாக அது கூறியது. ஹெப்பாடைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் அதில் பங்கேற்றார். ஆனால் பிற நாடுகளில் பின்னர் செய்த ஆய்வுகளில் அதே முடிவு கிட்டவில்லை. அந்த ஆய்வு அளந்தது வைரஸின் அடையாளத்தை. முற்றிய சுருக்கம் மீள்வதை அன்று. ஆகவே வயிற்றில் நீர் கோத்தவர் டெனோஃபோவிர் போன்ற மாத்திரையை நிறுத்திவிட்டு மூலிகையை மட்டும் நம்புவது, காரணத்தை அடக்கும் வழியையே மூடிவிடுவதாகும்.

மலையூர்களில் இதைப் பின்பற்றுதல்

திண்டுக்கல் மாவட்டம் கொடைக்கானலை அடுத்த வில்பட்டி போன்ற ஊர்களில் படிக்கட்டு வயல்களில் பூண்டும் கேரட்டும் விளைவிக்கும் குடும்பங்களுக்கு, மதுரை போய்வருவது ஒரு முழு நாள் கூலியையும் பேருந்துச் செலவையும் விழுங்கும் காரியம். ஆனால் மீட்சியைக் கணிக்க மிகுதியும் உதவும் அல்புமின், பிலிருபின், ஐ.என்.ஆர்., கிரியேட்டினின், தட்டணு ஆகிய ஐந்தும் சாதாரண இரத்தச் சோதனைகளே. ஃபைப்ரோஸ்கேன் அருகில் இல்லை என்பதற்காக முன்கணிப்பே முடியாது என்று எண்ண வேண்டியதில்லை. ஹெப்பாடைட்டிஸ் பி, சி இரண்டுக்கும் 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரஸ் ஹெப்பாடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் மருந்து இலவசம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சையும் அடங்கும்.

வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தேதி, உடல் எடை, வயிற்றின் சுற்றளவு, ஐந்து இரத்த அளவுகள், உண்ணும் மாத்திரைகள் என்று பத்திகள் போட்டு ஒவ்வொரு முறையும் எழுதி வந்தால், புதிய மருத்துவர்கூட ஒரே பார்வையில் போக்கை அறிந்துகொள்வார். ஓரிரு நாளில் எடை ஏறினால் அது சதையாக இராது, நீராகவே இருக்கும். கறுப்பு மலம், இரத்த வாந்தி, காய்ச்சலுடன் வயிற்றுவலி, பகலில் தூக்கமும் இரவில் விழிப்பும், பேச்சில் தடுமாற்றம் ஆகியவை கண்டால் எண்களுக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மீண்டவர்கள் செய்யும் பெரும் பிழை, நலமாகிவிட்டோம் என்று எல்லாவற்றையும் நிறுத்திவிடுவது. போர்ட்டல் அழுத்தம் நீங்காதவரை கார்வெடிலால் போன்ற மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. ஹெப்பாடைட்டிஸ் பி மாத்திரையை நிறுத்தினால் வைரஸ் திடீரெனப் பெருகி உயிருக்கே ஆபத்தாகலாம். தழும்பு எஞ்சியிருப்பதால் கல்லீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பும் எஞ்சியிருக்கிறது. ஆகவே 6 மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் தொடர வேண்டும். சைல்டு–பியூ மதிப்பெண் 5க்கு இறங்கிய பின்னும் மதுவுக்கு மீண்டும் இடமில்லை. இந்த எண்கள் நோயாளியின் தலைவிதியைச் சொல்பவை அல்ல. காரணம் நீங்கியிருக்கும் வரையில் மட்டுமே அவை நல்ல பக்கம் நகரும்.